பெரியசாமித் தூரன்: பாப்பா பாட்டும் கீர்த்தனையும் எழுதிய வாத்தியார்

கேள்வி இதுதான்: "கச்சேரிகளில் 'இயற்றியவர் பெரியசாமித் தூரன்' என்று அறிவிக்கிறார்கள். என் பெண்ணுக்காக நூலகத்திலிருந்து எடுத்து வந்த 'கொல்லிமலைக் குள்ளன்' அட்டையில் 'பெ. தூரன்' என்று இருக்கிறது. இரண்டு பேரும் ஒருவர்தானா? குழந்தைகளுக்கு அவர் வேறு என்னென்ன எழுதியிருக்கிறார்? அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?"

ஒருவர்தான். பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியரும் அவர்தான். சுதேசமித்திரன் நாளிதழின் பழைய இதழ்களில் புதைந்து கிடந்த பாரதியின் எழுத்துகளைத் தேடி எடுத்துத் தொகுத்தவரும் அவர்தான். உங்களுக்கு வந்த இந்தச் சந்தேகம் நிறையப் பேருக்கு வருகிறது. சங்கீதம் கேட்பவர்களுக்கு அவர் பாடலாசிரியர். ஆய்வாளர்களுக்குக் கலைக்களஞ்சியக்காரர். பாரதி அன்பர்களுக்குப் 'பாரதி தமிழ்' தொகுத்தவர். ஒரு வட்டத்தில் அவரைக் கொண்டாடுகிறவர்களுக்கு அடுத்த வட்டத்தில் அவர் செய்த வேலை தெரியாது. இதில் அதிகம் அடிபட்டுப் போனது அவருடைய குழந்தை இலக்கியம்தான். என்னைக் கேட்டால், அவருடைய மற்ற எல்லா வேலைகளுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. தூரன் அடிப்படையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்ற கவலை அவரைக் கடைசி வரை விடவில்லை. கீர்த்தனையிலும் அது தெரியும், கலைக்களஞ்சியத்திலும் தெரியும்.

அவர் பிறந்தது 1908 செப்டம்பர் 26. ஊர், ஈரோட்டுக்குப் பக்கத்தில் மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டுவலசு. அப்போது அது கோயம்புத்தூர் மாவட்டம். தூரன் என்பது குலப்பெயர். பெயரோடு சேர்த்துப் பெரியசாமித் தூரன் என்று எழுதி, அதுவே நிலைத்துவிட்டது. விவசாயக் குடும்பம். தாயைச் சிறு வயதிலேயே இழந்தவர். ஈரோட்டு மகாஜன உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிப் படிப்புக்காகச் சென்னை போனார். எடுத்த பாடம் கணிதம். தமிழை முறையாகக் கல்லூரியில் படித்தவர் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அவர் கையில் வந்த தமிழ் புலவர் நடைக்குள் சிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சென்னையில் படிக்கும்போது கொங்கு நாட்டு மாணவர்கள் சிலர் சேர்ந்து வனமலர்ச் சங்கம் என்று ஒன்றை நடத்தினார்கள். பிற்காலத்தில் மத்திய அமைச்சரான சி. சுப்பிரமணியம் அந்த நண்பர் குழுவில் ஒருவர். 'பித்தன்' என்ற மாத இதழையும் கொண்டுவந்தார்கள். தூரனின் ஆரம்பகாலக் கதைகளும் கவிதைகளும் அதில் வந்தவைதாம். எல்லோரும் காந்தி, பாரதி, விவேகானந்தர் என்று ஊறிக் கிடந்த காலம் அது. 1931 மார்ச் 23 அன்று பகத் சிங் தூக்கிலிடப்பட்டார். அந்த அதிர்ச்சியில் தூரன் பட்டப்படிப்பின் இறுதித் தேர்வை எழுதவில்லை. குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பட்டணம் போய்ப் படித்த ஒரு விவசாயி மகன், கைக்கு எட்டிய பட்டத்தை அப்படி விட்டுவிட்டு வந்ததைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. பட்டம் இல்லாத குறையை அவர் பிறகு ஆசிரியர் வேலையில் இருந்தபடியே சரிசெய்துகொண்டார்.

முதலில் கோபிசெட்டிபாளையத்தில் வாத்தியார் வேலை. அப்புறம் பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயம். இந்த இரண்டாவது இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தூரனை உருவாக்கியதே அந்த இடம். வித்யாலயத்தைத் தொடங்கியவர் தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார். வக்கீல், காங்கிரஸ்காரர், காந்தி சொன்னதைச் சொன்னபடி செய்து பார்க்கத் துணிந்தவர். 1930-ல் கோவையில் மிகச் சில பிள்ளைகளோடு குருகுலம் மாதிரி ஆரம்பித்தார். எந்தச் சாதிப் பிள்ளையாக இருந்தாலும் ஒரே பந்தியில் சாப்பாடு, ஒரே கூடத்தில் படிப்பு, கையால் வேலை, காலை மாலை பிரார்த்தனை. அந்தக் காலத்தில் இது பெரிய துணிச்சல். பிறகு பள்ளி பெரியநாயக்கன்பாளையத்துக்கு இடம் மாறியது. அங்கே கட்டடத்துக்கு 1934-ல் அடிக்கல் நாட்டியவர் காந்தி.

இப்படிப்பட்ட உறைவிடப் பள்ளியில் வாத்தியாருக்கு மணி அடித்ததும் வேலை முடிந்துவிடாது. பிள்ளைகள் அங்கேயே தங்கியிருப்பவர்கள். விழா வந்தால் நாடகம் வேண்டும், பிரார்த்தனைக்குப் பாட்டு வேண்டும், ராத்திரி தூங்கப் போகும் முன் கதை வேண்டும். வீட்டை நினைத்து அழுகிற பிள்ளைக்கு ஆறுதலும் வேண்டும். தூரன் அங்கே 1948 வரை இருந்தார். அவர் கையாண்ட வடிவங்களைப் பாருங்கள்: பாட்டு, நாடகம், கதை, குழந்தை மனவியல். இவை எல்லாமே ஓர் உறைவிடப் பள்ளி வாத்தியாருக்கு அன்றாடம் தேவைப்படுகிறவை. பல துறைகளில் கால் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அவர் இவற்றைத் தேடிப் போனதாக எனக்குத் தோன்றவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு எது தேவையோ அதை எழுதினார், பிறகு அதிலேயே தேர்ந்துவிட்டார்.

குழந்தைகளுக்காக அவர் எழுதியதற்கு வருவோம். 'நல்ல நல்ல பாட்டு', 'மழலை அமுதம்' போன்றவை பாட்டுப் புத்தகங்கள். கதைகள் இன்னும் நிறைய: 'ஆனையும் பூனையும்', 'ஓலைக்கிளி', 'நாட்டிய ராணி', 'மஞ்சள் முட்டை', 'நிலாப் பாட்டி', 'தம்பியின் திறமை', 'கடக்கிட்டி முடக்கிட்டி', 'பறக்கும் மனிதன்', 'சூரப்புலி', 'மாயக்கள்ளன்', 'கொல்லிமலைக் குள்ளன்', 'சங்ககிரிக் கோட்டையின் மர்மம்'. இந்தத் தலைப்புகளை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்குக்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது! 'யானை' என்று எழுதாமல் 'ஆனை' என்று எழுதுகிறார். வீட்டில் பாட்டி சொல்வது அப்படித்தான். பூனையோடு சேரும்போது தாளமும் அப்போதுதான் விழுகிறது. 'கடக்கிட்டி முடக்கிட்டி' என்றதும் நாலு வயதுப் பிள்ளை அர்த்தம் கேட்காது, திரும்பச் சொல்லச் சொல்லும். குழந்தைப் பாட்டில் முதல் படி அதுதான். காதுக்குப் பிடித்துவிட்டால் அர்த்தம் பின்னாலேயே வந்துவிடும்.

தூரனுக்கு முன்னால் இந்தத் துறை எப்படி இருந்தது என்றும் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கான செய்யுள் என்றால் வெகுகாலம் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் வழியில் நீதி சொல்வதாகவே இருந்தது. பாரதி 1915-ல் எழுதிய பாப்பா பாட்டு அதை உடைத்தது. அதிலும் அறிவுரை இருக்கிறது, ஆனால் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல் அது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அந்தக் குரலை இன்னும் எளிமையாக்கினார். 1944-ல் அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' வந்தது. 1950-ல் அவர் முன்னின்று குழந்தை எழுத்தாளர் சங்கமும் தொடங்கினார். தூரன் இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்.

வள்ளியப்பாவோடு ஒப்பிட்டால் தூரனின் குழந்தைப் பாட்டுகள் எண்ணிக்கையில் குறைவு, புகழிலும் குறைவு. பாட்டில் வள்ளியப்பாவுக்கு இருந்த சரளம் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். தூரனின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான சாகசக் கதைகளில் அவர் அசத்துகிறார். அந்த வயதுக்குத் தமிழில் இன்றும் புத்தகம் குறைச்சல். பாப்பா பாட்டு முடிந்துவிட்டது, பெரியவர்களின் நாவல் இன்னும் எட்டவில்லை. இடையில் இருக்கிற அந்த நாலைந்து வருடத்துக்கு என்ன கொடுப்பது என்று பெற்றோர் தவிக்கிறார்கள். தூரன் அந்த இடத்துக்கென்றே எழுதியவர். கதை நடக்கிற இடங்களையும் கவனியுங்கள். கொல்லிமலை, சங்ககிரிக் கோட்டை எல்லாம் அவர் வளர்ந்த வட்டாரத்துக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பவை. மர்மக் கோட்டை என்றால் எங்கேயோ சீமையில் இருக்க வேண்டியதில்லை, பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கலாம் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிய வைப்பது பெரிய காரியம். பெரியவர்களுக்காக எழுதியபோதும் அவர் அந்த மண்ணை விடவில்லை. 'காளிங்கராயன் கொடை' என்ற பெயரைப் பார்த்ததுமே ஈரோட்டுக்காரர்களுக்குத் தங்கள் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

மொழிபெயர்ப்பிலும் பிள்ளைகளை மறக்கவில்லை. ஜாக் லண்டனின் புகழ்பெற்ற நாய்க் கதையைக் 'கானகத்தின் குரல்' என்று தமிழாக்கினார். பறவை பார்ப்பதைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் ஜமால் ஆராவின் நூலைப் 'பறவைகளைப் பார்' என்று கொண்டுவந்தார். பறவை நோக்குதல் இன்று பரவலான பொழுதுபோக்கு. தமிழில் அதற்குப் பிள்ளைகளை அழைத்த ஆரம்பகாலப் புத்தகங்களில் அது ஒன்று.

இனி அவருடைய கீர்த்தனைகள். சுமார் 600 பாடல்கள் எழுதியிருக்கிறார் என்பார்கள். 'இசைமணி மாலை', 'முருகன் அருள்மணி மாலை', 'கீர்த்தனை அமுதம்' என்று தொகுதிகளாக வந்தன. காலத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் மதிப்பு தெரியும். 1940-களில் தமிழிசை இயக்கம் சூடு பிடித்திருந்தது. தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்குக் கடைசியில் துக்கடாவாக, அதாவது சின்ன உதிரிப் பாட்டாக மட்டும் இடம் கிடைக்கிறதே என்ற வருத்தம் அண்ணாமலை அரசர் முன்னின்று நடத்திய இயக்கமாக மாறியது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. எதிர்த் தரப்பில் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது: விஸ்தாரமாகப் பாடுவதற்குத் தமிழில் உருப்படிகள், அதாவது கச்சேரிப் பாடல்கள் எங்கே? வாதம் செய்தவர்கள் பல பேர். உட்கார்ந்து பாட்டு எழுதிக் கொடுத்தவர்கள் சிலர்தான். பாபநாசம் சிவனுக்கு அடுத்தபடி அதிகம் கொடுத்தவர்களில் தூரன் முக்கியமானவர்.

சாவேரி ராகத்தில் 'முருகா முருகா', பிருந்தாவன சாரங்காவில் 'கலியுக வரதன்', சுத்த சாவேரியில் 'தாயே திரிபுரசுந்தரி', கீரவாணியில் 'புண்ணியம் ஒரு கோடி', துவிஜாவந்தியில் 'எங்கு நான் செல்வேன் ஐயா', மாண்டில் 'முரளீதரா கோபாலா' எல்லாம் இன்றைக்கும் மேடையில் உயிரோடு இருக்கின்றன. கச்சேரிக்குப் போகும் பழக்கம் இருந்தால் இவற்றில் இரண்டு மூன்றாவது உங்கள் காதில் விழுந்திருக்கும்.

இவற்றில் வாத்தியார் எங்கே இருக்கிறார் என்று கேட்பீர்கள். 'முருகா முருகா'வின் பல்லவியை எடுத்துக்கொள்ளுங்கள். முருகா முருகா என்று கூப்பிட்டால் உன் உள்ளம் உருகாதோ என்று ஒரே ஒரு கேள்வி. முருகா, உருகாதோ என்று எதுகை தானாக விழுகிறது. தேடிப் பிடித்த சொல் ஒன்றுகூட இல்லை. ஒரு பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டு, வரவில்லையே என்று ஏங்கிக் கேட்கும் கேள்வி மாதிரியே இருக்கிறது. ஆனால் சாவேரியின் சோகம் அந்தக் கேள்வியில் போய் உட்கார்ந்ததும், வித்வான் அதை நிரவல் செய்து, அதாவது அதே வரியை விதவிதமாக விரித்துப் பாடி, அரை மணி நேரம் நிறுத்தலாம். சொல் எளிமையாக இருப்பதால் ராகம் நன்றாகத் தெரிகிறது. கீர்த்தனை எழுதுகிறவர்கள் பலர் இதில் கோட்டை விட்டுவிடுவார்கள். கவித்திறமையைக் காட்டுகிறேன் என்று கடினச் சொற்களை அடுக்கி, பாடகரின் மூச்சை அடைத்துவிடுவார்கள். தூரன் பாடகருக்கு இடம் விட்டு எழுதினார்.

இன்னொன்று, 'அழகு தெய்வமாக வந்து' என்று தொடங்கும் காவடிச் சிந்து. காவடி தூக்கிப் பழனிக்கு நடப்பவர்கள் பாடுகிற வடிவம் அது, மூன்று மூன்று எண்ணிக்கையாகக் கால் எடுத்து வைக்கிற நடை. கையால் தட்டிப் பாருங்கள்: அழகு, தெய்வ, மாக, வந்து. ஒவ்வொன்றும் மிகச் சரியாக மூன்று மாத்திரை. அ-ழ-கு மூன்றும் குறில். தெய்வ என்பதில் தெய் இரண்டு, வ ஒன்று. மாக என்பதில் மா இரண்டு, க ஒன்று. வந்து என்பதில் வந் இரண்டு, து ஒன்று. தொடர்ந்து வருகிற 'பழனி'யும் மூன்று குறில். கூடவே அழகு, பழனி என்று எதுகையும் சேர்ந்துவிடுகிறது. எங்கும் சொல்லை நீட்டவோ இழுக்கவோ வேண்டியதில்லை, பேசுகிற அளவிலேயே தாளம் இருக்கிறது. ஸ்வரம் தெரியாத ஆறு வயதுப் பிள்ளையும் இதைத் தவறில்லாமல் பாடிவிடும். பாட்டு வகுப்புகளில் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிக் கொடுக்கிறார்களே, காரணம் இதுதான். குழந்தைப் பாட்டுக்குப் பழகிய காது இல்லாமல் இப்படி எழுத வராது.

அந்தக் காது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள 'காற்றில் வந்த கவிதை' என்ற நூலைப் பார்க்கலாம். தாலாட்டு, விளையாட்டுப் பாட்டு, வேலைப் பாட்டு என்று மக்கள் வாயில் வாழ்ந்த பாடல்களைத் திரட்டி, ரசித்து, விளக்கம் எழுதியிருக்கிறார். நாட்டுப்புறவியல் தமிழகத்துப் பல்கலைக்கழகங்களில் ஒரு துறையாக வேரூன்றுவதற்கு முன்பே செய்த வேலை அது. இலக்கணப்படி அசை பிரிக்கத் தெரிவது ஒன்று, நடவு நடும் பெண் எந்த இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரியை எடுக்கிறாள் என்று கேட்டுத் தெரிவது இன்னொன்று. தூரனுக்கு இரண்டும் இருந்தது.

1948-ல் அவர் வாழ்க்கை திசை மாறியது. அவிநாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சர். 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். நாடு விடுதலை அடைந்ததும் அவர் கையில் எடுத்த பெரிய வேலை, தமிழில் ஒரு முழுமையான கலைக்களஞ்சியம். அதற்கு முதன்மைப் பதிப்பாசிரியராக அவர் தேர்ந்தெடுத்தது பல்கலைக்கழகப் பேராசிரியர் யாரையும் இல்லை, தன் பள்ளிக்கூட வாத்தியாரை. அன்றைக்குப் புருவம் உயர்த்தியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அந்தத் தேர்வு எவ்வளவு சரி என்பதைத் தொகுதிகளே காட்டுகின்றன.

வேலை எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். இயற்பியல், மருத்துவம், சட்டம், பொறியியல் எல்லாவற்றிலும் அன்றைய வல்லுநர்கள் ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்தில் சிந்தித்தவர்கள். பலருக்குத் தங்கள் துறையைப் பற்றித் தமிழில் எழுதிப் பழக்கமே கிடையாது. கட்டுரை ஆங்கிலத்தில் வரும், மொழிபெயர்க்க வேண்டும். கலைச்சொல் இருக்காது, உண்டாக்க வேண்டும். ஒரு தொகுதியில் ஒருவர் பயன்படுத்திய சொல்லையே அடுத்த தொகுதியில் இன்னொருவரும் பயன்படுத்தும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அகரவரிசையில் வெளியிடுவதால், அகரத்தில் தொடங்கும் கட்டுரை ஒன்று வந்து சேரவில்லை என்றால் மொத்தத் தொகுதியும் நிற்கும். கணினி கிடையாது. எல்லாம் தாளும் மையும் அச்சுக் கோப்பும்தான். முதல் தொகுதி 1954-ல் வந்தது. ஒன்பதாம் தொகுதி 1963-ல். விடுபட்டவற்றையும் புதியவற்றையும் சேர்த்த பத்தாவது தொகுதி 1968-ல். இருபது ஆண்டுகள் ஒரே வேலையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு தொகுதியும் கையில் தூக்கினால் கனக்கிற பெரிய புத்தகம்.

அந்தக் கட்டுரைகளை இன்று எடுத்துப் படித்தாலும் நடை தங்கு தடையில்லாமல் போகிறது. அறிவியல் தகவல்கள் பல பழசாகிவிட்டன, அது இயல்புதான். ஆனால் ஒரு கடினமான கருத்தைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக உடைத்து, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைக்கும் முறை பழசாகவில்லை. வகுப்பறையில் கடைசி வரிசைப் பிள்ளை முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்திய ஒருவர் பதிப்பாசிரியராக இருந்ததன் பலன் அது. தமிழில் அறிவியல் எழுதுகிறவர்கள் இன்றைக்கும் புதுச் சொல் தேடும் முன் அந்தத் தொகுதிகளை ஒரு முறை புரட்டிப் பார்க்கலாம். தேடுகிற சொல் ஏற்கெனவே அங்கே இருப்பதுண்டு. இந்தக் கலைக்களஞ்சியம் உருவான வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

இவ்வளவு பெரிய வேலை முடிந்ததும் வேறொருவராக இருந்தால் ஓய்வெடுத்திருப்பார். தூரனுக்கு வயது அறுபது ஆகியிருந்தது. அந்த 1968-லேயே மத்திய அரசு பத்மபூஷண் விருது கொடுத்தது. அவரோ அதே ஆண்டில் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் தொகுதிகளைக் கொண்டுவரத் தொடங்கினார். 1976-க்குள் பத்துத் தொகுதிகள். பெரிய கலைக்களஞ்சியத்தைச் சுருக்கி எழுதினால் குழந்தைகளுக்கானது கிடைத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. குழந்தைக்கு எது தெரிந்திருக்கும், எது தெரிந்திருக்காது, எங்கே படம் வேண்டும், எந்த வாக்கியத்தில் அது புத்தகத்தை மூடிவிட்டு விளையாடப் போய்விடும் என்றெல்லாம் தெரிந்தவரால்தான் அதைச் செய்ய முடியும். இந்த இடத்தில்தான் தூரனின் எல்லாப் பாதைகளும் வந்து கூடுகின்றன. என் கணிப்பில் அவருடைய ஆகப் பெரிய சாதனை பெரியவர்களுக்கான பத்துத் தொகுதிகள் இல்லை, இந்தச் சின்னப் பத்துத் தொகுதிகள்தாம். படங்களோடு, பெரிய எழுத்தில், தமிழ்வழியில் படித்த ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டிய புத்தகங்கள் அவை. ஆங்கிலம் தெரியாத காரணத்தால் ஒரு பிள்ளைக்குத் திமிங்கலம் பற்றியோ எரிமலை பற்றியோ தெரியாமல் போய்விடக் கூடாது என்ற பிடிவாதம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

நடுவில் வேறு வேலைகளும் நடந்துகொண்டே இருந்தன. 'பாரதி தமிழ்' 1953-ல் வந்தது. சுதேசமித்திரனில் பாரதி எழுதி, நூலாக்கம் பெறாமல் கிடந்தவற்றை நாள் வாரியாகத் தொகுத்திருந்தார். பாரதி ஆய்வுக்குத் தேதி எவ்வளவு முக்கியம் என்று பலரும் உணராத காலத்தில் செய்தது. பிறகு வந்த பாரதி தொகுப்பாளர்கள் எல்லோரும் அந்தப் பாதையில் நடந்தவர்கள்தாம்.

மனவியல் நூல்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோராக உங்களுக்கு அவை பிடிக்கக்கூடும். 'குழந்தை உள்ளம்', 'கருவில் வளரும் குழந்தை', 'குமரப் பருவம்', 'தாழ்வு மனப்பான்மை', 'பாரம்பரியம்', 'அடிமனம்', 'மனம் என்னும் மாயக்குரங்கு' என்று வரிசையாக எழுதினார். தமிழில் மனவியல் என்றாலே அரிதாக இருந்த நாளில், அதுவும் பிள்ளை வளர்ப்போடு இணைத்து எழுதப்பட்டவை. இன்றைய ஆராய்ச்சிக்கு ஈடாகா என்பது உண்மை. ஆனாலும் பிள்ளையை அடிக்காமல், அதன் பயம் என்ன, ஆசை என்ன என்று முதலில் கேட்கச் சொல்கிற மனம் அவற்றில் இருக்கிறது.

சிறுகதை, நாடகம், பெரியவர்களுக்கான கவிதை எல்லாவற்றிலும் புத்தகங்கள் உண்டு. நாடகங்கள் என்னை அவ்வளவாக ஈர்க்கவில்லை. கதைகளில் 'மாவிளக்கு' போன்றவை கொங்கு மண்ணின் வாசனைக்காகப் படிக்கத் தகுந்தவை. 'பூவின் சிரிப்பு', 'தேன்சிட்டு' ஆகிய கட்டுரை நூல்கள் லேசானவை, இனிமையானவை. பயண வழியில் படிக்கலாம்.

1970-ல் கலைமாமணி விருதும், 1972-ல் தமிழ் இசைச் சங்கத்தின் இசைப்பேரறிஞர் பட்டமும் கிடைத்தன. 1987 ஜனவரி 20 அன்று காலமானார். அவர் பெயரில் 2022 முதல் தமிழ்விக்கி என்ற இணையக் கலைக்களஞ்சியத்தின் சார்பில், ஆய்வாளர்களுக்குத் தூரன் விருது ஈரோட்டில் வழங்குகிறார்கள். கலைக்களஞ்சியத் தூரனுக்குச் செய்த நல்ல மரியாதை அது. குழந்தை எழுத்தாளர் தூரனுக்கும் யாராவது அப்படி ஒன்று செய்தால் நன்றாக இருக்கும்.

உங்கள் பெண்ணுக்கு என்ன கொடுக்கலாம் என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை; இருந்தாலும் சொல்கிறேன். 'கொல்லிமலைக் குள்ளன்' பிடித்திருந்தால் அடுத்து 'மாயக்கள்ளன்', 'சங்ககிரிக் கோட்டையின் மர்மம்'. நாய் பிடிக்கும் பிள்ளை என்றால் 'கானகத்தின் குரல்'. ஆனால் அதில் கொடுமையான இடங்கள் வரும், பன்னிரண்டு வயதாவது ஆகட்டும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் 'ஆனையும் பூனையும்' எடுத்து நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். இவற்றில் பல கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. விக்கிமூலத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தூரன் நூல்கள் நிறைய இருக்கின்றன, காசில்லாமல் படிக்கலாம். இரண்டு கலைக்களஞ்சியங்களையும் அந்தக் கல்விக்கழகமே இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. குழந்தைகள் கலைக்களஞ்சியத்தில் ஏதாவது ஒரு தொகுதியைத் திறந்து, எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் பெண்ணையே படிக்கச் சொல்லுங்கள். தகவல் பழையதாகப் பட்டால் இன்றைய நிலவரம் என்ன என்று இருவரும் சேர்ந்து தேடிப் பார்க்கலாம்.